முன்பே சொன்னால் என்ன?

இரண்டாமாண்டு இளம் அறிவியல் (விலங்கியல்) மாணவன்

ஆண்டு மலரில் நண்பர்கள் பலரும் நாட்டைப் பற்றியும் மொழியைப் பற்றியும் நட்பைப் பற்றியும் எழுதுவது வழக்கம். நான் என் தாயின் விரல்களைப் பற்றி எழுத விரும்புகிறேன். கல்லூரி மலருக்கு ஏற்ற பொருள்தானா இது என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். கூச்சத்தினால் வாய் மூடியிருந்து ஒரு குடும்பம் எவ்வளவு பெரிய ஆபத்தில் சிக்க இருந்தது என்பதைப் படித்த பிறகு அவர்களும் என்னை மன்னிப்பார்கள் என்று நம்புகிறேன்.

என் அம்மா பூக் கட்டி விற்பவர். விடியற்காலை நாலரை மணிக்குச் சந்தைக்குப் போய் உதிரிப்பூ வாங்கி வந்து, கோயில் நடை திறந்து கூட்டம் வருமுன் கட்டி முடித்து, கூடையோடு வாசலில் உட்கார்ந்துவிடுவார். அவருடைய விரல்கள் நாரில் ஓடும் வேகத்தைக் கண்ணால் தொடர முடியாது. அந்த விரல்கள்தாம் என்னைக் கல்லூரிக்கு அனுப்பின. எங்கள் குடும்பத்தில் பட்டப் படிப்புக்கு வந்தவன் நான்தான் முதல்.

நான் கல்லூரியில் சேர்ந்த ஆண்டில் அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்தது. அறுவை சிகிச்சை, மருந்தேற்றம், கதிர்வீச்சு என்று மாதங்கள் கழிந்தன. இறுதியில் நாளுக்கு ஒரு மாத்திரை, 2.5 மில்லிகிராம், ஐந்து ஆண்டுகள் விடாமல் போட வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். மருத்துவமனைக்கு அக்காதான் உடன் போவார். "பொம்பளைங்க சமாச்சாரம், நீ எதுக்குத் தம்பி உள்ளே?" என்பார் அம்மா. நானும் அதுவே நல்லதென்று வெளியே மரத்தடியில் நின்றுகொள்வேன். வீட்டில் ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன். அவன் மரத்தடியில் நின்றான்!

மாத்திரை தொடங்கிய மூன்றாம் மாதம் அம்மாவின் கைகள் மக்கர் செய்யத் தொடங்கின. காலையில் எழுந்தால் விரல்கள் மடங்கா. பெருவிரல் மடங்கிவிட்டால் நிமிராது. மறு கையால் பிடித்து இழுத்தால் 'டக்' என்று நிமிரும். தரையில் உட்கார்ந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் எழ முடியும். ஒன்பது மணிக்கு மேல் கொஞ்சம் இளகும். ஆனால் மல்லிகை ஒன்பது மணி வரை காத்திருக்குமா?

அக்கம்பக்கத்தார் வாதம் என்றனர். முடக்கத்தான் கீரையில் தோசை வார்த்துக் கொடுத்தனர். தைலம் தேய்த்தனர். வயதானால் எல்லோருக்கும் வருவதுதானே என்றனர் சிலர். "உயிர் பிழைச்சதே பெருசும்மா, கைவலியைப் போய்ப் பேசிக்கிட்டு இருக்கியே" என்றார் அக்கா. அன்று நானும் அப்படித்தான் நினைத்தேன். அம்மா அதன்பின் பேசுவதை நிறுத்திக்கொண்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்ப அட்டையைத் தேடியபோது, சமையலறையில் கடுகு டப்பாவுக்குப் பின்னால் நாலு மாத்திரை அட்டைகள் அகப்பட்டன. நாற்பது மாத்திரைகள், ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை.

"என்னம்மா இது?" என்றேன்.

அம்மா நெடுநேரம் பதில் சொல்லவில்லை. "முதல்ல, எலும்புக்குப் பரவிடுச்சோன்னு பயந்தேன் தம்பி. யார்கிட்டயும் சொல்லலை. ஊருக்குப் போனப்ப மாத்திரையை மறந்து வச்சுட்டுப் போயிட்டேன். நாள் போகப் போகக் கை கொஞ்சம் இளகுச்சு. அப்பத்தான் இதோட வேலைன்னு புரிஞ்சுது. கை ஓடலைன்னா பூ ஓடாது. பூ ஓடலைன்னா நீ எப்படிப் படிப்பே?"

என் படிப்புக்காக மாத்திரையை நிறுத்தியிருக்கிறார். அந்தப் படிப்பைக் கொண்டு நான் அந்த அட்டையின் பெயரைக்கூடப் படித்ததில்லை.

மறுநாள் அட்டையை எடுத்துக்கொண்டு எங்கள் துறைப் பேராசிரியரிடம் போனேன். லெட்ரசோல் என்று பெயரைப் படித்தவர், வகுப்பில் நடத்திய நொதித் தடைப் பாடத்தை மீண்டும் நடத்தினார். மார்பகப் புற்றுநோய்களுள் பல, ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோனின் தூண்டுதலால் வளர்பவை. சூலகத்தை நீக்கினால் சில பெண்களின் புற்றுக்கட்டி சுருங்குகிறது என்று ஸ்காட்லாந்து நாட்டு அறுவை மருத்துவர் ஜார்ஜ் பீட்சன் 1896-லேயே எழுதினார். மாதவிலக்கு நின்ற பிறகு சூலகம் ஓய்ந்துவிடும். ஆயினும் கொழுப்பு, தசை முதலிய திசுக்களில் உள்ள அரோமட்டேஸ் என்னும் நொதி, வேறு ஹார்மோன்களை ஈஸ்ட்ரோஜனாக மாற்றிக்கொண்டே இருக்கும். லெட்ரசோல் அந்த நொதியில் போய் ஒட்டிக்கொண்டு அதன் வேலையைத் தடுக்கிறது. நோய்க்குத் தீனி கிடைப்பதில்லை. ஆனால் அதே ஈஸ்ட்ரோஜன் மூட்டுகளுக்கும் எலும்புகளுக்கும் துணையாக இருந்ததன்றோ? அது வற்றும்போது மூட்டு இறுகுகிறது. இவ்வகை மாத்திரை உண்ணும் பெண்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு மூட்டு வலியோ விறைப்போ வருகிறது என்றும், பெரும்பாலும் முதல் சில மாதங்களிலேயே தொடங்கிவிடும் என்றும் அவர் விளக்கினார்.

அந்த வாரமே அம்மாவுடன் மருத்துவமனைக்குப் போனேன். இம்முறை உள்ளே போனேன். மருத்துவர் கடிந்துகொள்ளவில்லை. "இது எதிர்பார்த்ததுதான். அடிக்கடி பார்க்கிறோம்" என்றார்.

நண்பர்களே, அந்த 'எதிர்பார்த்தது' என்ற சொல்தான் இக்கட்டுரையை எழுத வைத்தது. எதிர்பார்த்தவர் யார்? மருத்துவர் எதிர்பார்த்தார், மருந்து செய்தவரும் எதிர்பார்த்திருப்பார். எதிர்பாராதவர் ஒருவரே, அந்த மாத்திரையை விழுங்கியவர்!

முன்பே சொன்னால் நோயாளி பயந்துபோய் மாத்திரையைத் தொடவே மாட்டார் என்று வாதிடுவோர் உண்டு. அந்த அச்சத்தில் சிறிது உண்மை இருக்கலாம். ஆனால் சொல்லாததால் விளைந்தது என்ன? என் தாய் நோய் பரவிவிட்டதாக எண்ணி இரவெல்லாம் விழித்திருந்தார். பிறகு ஒருவரையும் கேளாமல் மாத்திரையையே நிறுத்தினார். ஐந்தாண்டு முடியுமுன் இம்மாத்திரையைக் கைவிடும் பெண்கள் உலகெங்கும் உண்டு. மூட்டு வலி அதற்கு முதன்மையான காரணங்களுள் ஒன்று. சொல்லாமல் வந்த வலி மனிதரைக் கலங்க வைக்கும். முன்பே தெரிந்த வலியைப் பற்றியாவது வாய்விட்டுப் பேசலாம்.

ஒரு நாளில் நூறு பேரைப் பார்க்கும் மருத்துவரிடம் பேருரை கேட்கவில்லை. "அம்மா, இந்த மாத்திரையால் கை கால் மூட்டு இறுகலாம்; அது நோய் பரவியதால் அன்று. தாங்க முடியாவிட்டால் நீங்களாக நிறுத்தாமல் எங்களிடம் வாருங்கள், வழி இருக்கிறது." இந்த இரண்டு வாக்கியம் போதும். அதைத் தமிழில் அச்சிட்ட ஒரு துண்டுத் தாளை மாத்திரையோடு சேர்த்துக் கொடுத்தால் இன்னும் நன்று.

உண்மையிலேயே வழி இருக்கிறது. அம்மாவுக்குச் சில வாரம் இடைவெளி விட்டு, அதே வகையில் வேறொரு மாத்திரையைக் கொடுத்தார்கள். ஒன்று ஒவ்வாதவருக்கு மற்றொன்று ஒத்துப்போவதுண்டாம். எலும்பின் அடர்த்தியையும் சோதித்தார்கள். நாள்தோறும் நடக்கச் சொன்னார்கள். உடற்பயிற்சியும் ஒரு மருந்து என்பதற்குச் சான்று உண்டு. அமெரிக்காவில் 121 பெண்களைக் கொண்டு ஓராண்டு நடத்திய ஆய்வு ஒன்று 2015-இல் வெளியாயிற்று. நடையும் தசை வலுவூட்டும் பயிற்சியும் செய்தவர்களுக்கு மூட்டு வலி குறைந்ததை அது காட்டியது.

அம்மாவின் விறைப்பு முழுவதும் போய்விட்டதென்று நான் பொய் சொல்ல மாட்டேன். குறைந்திருக்கிறது, அவ்வளவே. இப்போது காலையில் அம்மா வெந்நீரில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, முதல் கூடையை நான் கட்டுகிறேன். என் சரம் இடைவெளி விட்டுக் கிடக்கிறதென்று வாங்குவோர் குறை சொல்கிறார்கள். மாத்திரை மட்டும் ஒரு நாளும் தவறுவதில்லை.

இக்கல்லூரியில் பயிலும் நம்மில் பலர் குடும்பத்தின் முதல் பட்டதாரிகள். நம் வீட்டு மாடத்திலும் தகர டப்பாவிலும் பெயர் தெரியாத மாத்திரைகள் எத்தனையோ கிடக்கின்றன. அம்மாவுக்கோ அப்பாவுக்கோ கொடுத்த மாத்திரை எது, எதற்கு, உடலை என்ன செய்யும் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள நமக்கு உரிமை உண்டு, கடமையும் உண்டு. தேர்வுத் தாளில் நொதித் தடையைப் பற்றி ஐந்து மதிப்பெண்ணுக்கு எழுதிவிட்டு, வீட்டில் அதே தடையால் விரல் மடங்காமல் தவிக்கும் தாயை வாதம் என்று விட்டுவிட்டால் நாம் படித்த படிப்பு யாருக்கு?

வெட்கத்தை விட்டு உள்ளே செல்வோம். மரத்தடியில் நின்றது போதும்.