கல்லாவுக்குப் பின்னால் தொங்கும் சாவி

வலீமா விருந்தில் சஹனைச் சுற்றி ஆறு பேர் அமர்கிறார்கள். அதில் ஒரு பையன் இரண்டு பிடி சோறு எடுத்ததோடு கையை மடித்துக்கொள்கிறான். "என்ன தம்பி, சாப்பாடு பிடிக்கல்லியா?" என்று பக்கத்தில் இருப்பவர் நல்ல இறைச்சித் துண்டாகப் பார்த்து அவன் பக்கம் தள்ளுகிறார். அன்புதான். பந்தலுக்குள் வந்ததும் மலசலகூடம் எந்தப் பக்கம், வாசலில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் அவன் மாப்பிள்ளைக்கே கைகொடுத்தான் என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

பெருங்குடல் புண் அழற்சி, குரோன் நோய் என்று மருத்துவர்கள் சொல்லும் குடல் அழற்சி பெரும்பாலும் 15 முதல் 35 வயதுக்குள் தலைகாட்டுகிறது. தொற்றாது. முற்றாகக் குணமாக்க மருந்தில்லை, அடக்கி வைக்கலாம். கொழும்பு, கம்பஹா மாவட்டங்களின் வைத்தியசாலைகளில் எடுத்து 2010இல் வெளியான கணக்கெடுப்பு, ஒரு லட்சம் பேரில் ஐந்து பேருக்குச் சற்றுக் கூடுதலாக முதலாவதும், ஒருவருக்கு இரண்டாவதும் இருப்பதாகச் சொன்னது. அந்தக் கணக்கை வைத்துப் பார்த்தால் நம் தோப்பூரில் ஓரிருவர்கூட இல்லாமல் இருக்கலாம். பிறகு ஏன் தலையங்கம் என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில்: அரிதான நோய் என்பதால்தான் அதைச் சுமப்பவர் தனித்துப் போகிறார். மலத்தில் இரத்தம் கண்டால் மூலம் என்று தானே முடிவுகட்டி ஒளிக்கிறார். வீட்டில் கண்ணூறு என்று ஓதித் தண்ணீர் கொடுக்கிறார்கள். ஓதட்டும், ஆனால் கிளினிக் திகதி தவறக் கூடாது.

அழற்சியை அடக்கக் கொடுக்கும் பிரெட்னிசலோன் மாத்திரை கன்னங்களை ஊத வைக்கும். "இப்பதான் உடம்பு வச்சிருக்காய், சுகமாயிட்டாய் போல" என்று ஊர் மகிழ்கிறது. அதை நம்பி மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் ஆபத்து.

தோப்பூரிலிருந்து திருகோணமலைக்குப் பஸ் ஏறினால் மூதூர், கிண்ணியா தாண்ட வேண்டும். 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்த பிறகு படகுப் பாதைக்குக் காத்து நிற்கும் தொல்லை ஒழிந்தது. வழியில் அடிவயிறு முறுக்கினால் இறங்க ஓர் இடம் வேண்டுமே, அதை யாரும் கட்டவில்லை. காலைப் பஸ்ஸில் போக வேண்டியவர் முதல்நாள் மத்தியானத்தோடு சாப்பாட்டை நிறுத்துகிறார். நண்பர்கள் கடற்கரைக்குக் கூப்பிட்டால் வேலை இருக்கிறது என்கிறார். நாலு தடவை மறுத்த பிறகு யாரும் கூப்பிடுவதில்லை.

ஆண்களுக்கு வழியெங்கும் பள்ளிவாசல்கள் உண்டு. யாரும் காரணம் கேட்பதில்லை. அதே பஸ்ஸில் போகும் இளம் பெண் எங்கே இறங்குவாள்? வகுப்பையும் வேலையையும் விடுவதுதான் அவளுக்குச் சுலபமாகத் தெரிகிறது. இதற்கு நோயைக் குற்றம் சொல்ல முடியாது. பெண்களுக்கென்று ஒரு கதவு வைக்காத நம் ஊர்களைத்தான் சொல்ல வேண்டும்.

அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில் குரோன் நோயுள்ள ஆலி பெய்ன் என்ற 14 வயதுச் சிறுமிக்குக் கடையொன்று ஊழியர் கழிப்பறையைத் தர மறுத்தது. தாயும் மகளும் அதை விடவில்லை. 2005இல் அங்கே சட்டமே வந்தது: இத்தகைய நோயாளி கேட்டால் கடைக்காரர் கதவைத் திறந்தாக வேண்டும். அவள் பெயராலேயே அதை ஆலி சட்டம் என்கிறார்கள். நமக்குச் சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. நம் கடைகள் பலவற்றில் மலசலகூடச் சாவி கல்லாவுக்குப் பின்னால் ஆணியில்தான் தொங்குகிறது. கேட்டால் "வாடிக்கையாளருக்கு இல்லை" என்பார்கள். அவசரம் என்று கேட்பவரிடம் அதை எடுத்து நீட்ட எந்தச் சபையின் தீர்மானமும் வேண்டாம். நீரிழிவுள்ள பெரியவருக்கும் பிள்ளைத்தாய்ச்சிக்கும்கூட அதே சாவிதான்.

பாடசாலைகள் இத்தகைய பிள்ளையை மூன்று மணி நேரப் பரீட்சையில் கதவோரம் அமர்த்தலாம். காரணத்தை வகுப்பின் முன் கேட்காமல் இருந்தால் போதும். மூதூர் பிரதேச சபை அடுத்த வரவு செலவுத் திட்டத்தில் தோப்பூர்ச் சந்தியில் தண்ணீரும் உள்தாழ்ப்பாளும் உள்ள பெண்கள் மலசலகூடம் ஒன்றுக்குக் காசு ஒதுக்கட்டும். திறப்பு விழாவுக்குப் பிறகும் அது பூட்டாமல் இருக்க வேண்டும்.