அம்மா போனை வைக்கவில்லை

“இதெல்லாம் போன்ல பேசற விஷயமா? நீ ஒரு நாள் வந்து…”

அவ்வளவுதான். ‘டுக்’ என்று ஒரு சத்தம். திரும்ப அழைத்தேன். நீங்கள் அழைத்த எண்ணைத் தொடர்புகொள்ள இயலவில்லை என்று மலாய் மொழியில் ஒரு பெண் குரல் பணிவாகச் சொன்னது. அம்மா கோபத்தில் போனை வைத்தது போதாதென்று அணைத்தும் விட்டார் என்று நினைத்து, நானும் பேசாமல் இருந்துவிட்டேன்.

விஷயம் இதுதான். அப்பா போன பிறகு தைப்பிங் வீட்டில் அம்மா தனியாக இருக்கிறார். வயது 67. வீட்டை விற்றுவிட்டு ஷா ஆலாமுக்கு எங்களோடு வந்துவிடுங்கள் என்பது என் கட்சி. ‘பார்க்கலாம்’ என்பது அம்மாவின் கட்சி. இரண்டு மாதத்தில் ஐந்து முறை இந்தப் பேச்சை எடுத்தேன். ஐந்து முறையும் பாதியில் அறுந்தது. கோயில் திருவிழா, பக்கத்து வீட்டு மக்சிக் கொடுத்தனுப்பிய குவே, என் மகனின் பள்ளிப் பரீட்சை என்று எதைப் பேசினாலும் தொடர்பு நன்றாக இருக்கும். வீடு என்று வாயெடுத்தால் ‘டுக்’. நீங்களாக இருந்தால் என்ன நினைப்பீர்கள்?

தினமும் காலையில் நான்கு மணி நேரம் முகம் தெரியாத நேயர்களிடம் சிரித்துச் சிரித்துப் பேசுவது என் தொழில். பெற்றவரிடம் பத்து நிமிடம் பேச முடியவில்லை.

பள்ளி விடுமுறைக்கு மகனைக் கூட்டிக்கொண்டு தைப்பிங் போனேன். போன அன்றே மழை; அந்த ஊரில் அது செய்தியே அல்ல. சமையலறையில் அம்மா, சிங்கப்பூரில் இருக்கும் என் அக்காவோடு பேசிக்கொண்டே குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தார். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவர் கையிலிருந்த போனின் திரை கறுத்தது. கம்பெனிப் பெயர் ஒரு நொடி மின்னி, அதுவும் மறைந்தது. அம்மா அலட்டிக்கொள்ளவே இல்லை.

“உங்க அக்காவும் உன்னை மாதிரிதான். பாதியிலயே வச்சிடுறா.”

“அம்மா, அவ வைக்கல. உங்க போன் செத்துப்போச்சு.”

“ஆமா, நீங்க வச்சீங்கன்னா இதுவும் அணைஞ்சிடும். அப்புறம் நான் சார்ஜ்ல போட்டு எழுப்புவேன்.”

கையில் இருந்த தே ஓ குவளையைக் கீழே வைத்தேன். இரண்டு மாதமாக நான் அம்மா மேல் வைத்திருந்த குறையும் அம்மா என் மேல் வைத்திருந்த குறையும் ஒன்றேதான். இதில் இன்னொரு சங்கதியும் உண்டு. அது என்னுடைய பழைய போன். இரண்டரை ஆண்டு நான் அடித்துத் துவைத்துவிட்டு, புதியது வாங்கியதும் ‘நல்ல போன்மா, ஒரு கீறல் இல்லை’ என்று அம்மாவிடம் தள்ளிவிட்டது. அது ஆயிற்று ஒன்றரை ஆண்டு.

மறுநாள் காலை பக்கத்துக் கடைவரிசையில் ஒரு கடைக்குப் போனோம். பையன் போனை வாங்கி இரண்டு முறை புரட்டினான். “மதர்போர்டு போச்சுக்கா. 600 வெள்ளி ஆகும். புதுசு வாங்கிடுறது மேல்.” எப்போது அணைகிறது என்று கேட்கவில்லை. எவ்வளவு சார்ஜ் இருக்கும்போது என்றும் கேட்கவில்லை. மருத்துவரிடம் போனால்கூட எத்தனை நாளாகக் காய்ச்சல் என்று கேட்டுவிட்டுத்தானே மருந்து எழுதுவார்? போனைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து முதலில் செய்தது, உறையைக் கழற்றியது. பாசார் மாலாமில் வாங்கிய பூப்போட்ட உறை. சிரிக்காதீர்கள். உறை சரியாகப் பொருந்தாமல் பக்கவாட்டுப் பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தால், பல போன்கள் சில நொடிகளில் தாமாகவே அணைந்து எழும். இந்தப் போனில் பொத்தான் சரியாகத்தான் இருந்தது. உறை இல்லாமலும் போன் செத்தது.

அடுத்தது நாள்காட்டி. சுவரில் தொங்கும் தினசரித் தாளில் பென்சிலால் குறித்து வைக்கும்படி அம்மாவிடம் சொன்னேன்: எத்தனை மணிக்கு அணைந்தது, எந்த இடத்தில், என்ன செய்யும்போது, திரும்ப எழுப்பினால் எத்தனை விழுக்காடு காட்டுகிறது. அம்மா ஒரு காலத்தில் கூட்டுறவுக் கடையில் கணக்கு எழுதியவர். இரண்டு நாளில் ஏழு வரி, அழகான கையெழுத்தில். ஐந்து முறை சமையலறை. இரண்டு முறை முன்கூடத்தில், காணொளி அழைப்பின்போது. விழுக்காடு 24-க்கும் 38-க்கும் இடையில். சார்ஜரில் சொருகியிருந்தபோது ஒரு முறைகூட இல்லை.

அந்தக் கடைசி வரிதான் துப்பு. சார்ஜரில் இருக்கும்போது அணையாத போன், சார்ஜரை எடுத்ததும் அணைகிறது என்றால் முதல் சந்தேகம் பேட்டரி மேல்தான்.

ஆனால் முப்பது விழுக்காடு இருக்கிறதே, அப்புறம் ஏன்? தைப்பிங் வீட்டுக் குளியலறையையே உதாரணமாகச் சொல்கிறேன். கூரைமேல் தொட்டியில் தண்ணீர் இருக்கிறது. குழாய் பழசு, உள்ளே துருவேறிக் குறுகிவிட்டது. ஒரு குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும். சமையலறையிலும் ஒன்றைத் திறந்தால் குளியலறையில் சொட்டத் தொடங்கிவிடும். இரண்டையும் மூடிவிட்டுத் தொட்டியைப் பார்த்தால், அதே அளவு தண்ணீர். பழைய லித்தியம் பேட்டரியும் அப்படித்தான். வயதாக ஆக அதன் உள்தடை கூடுகிறது. மெதுவாகக் கேட்டால் கொடுக்கும். ஒரேயடியாக நிறைய மின்சாரம் கேட்டால் மின்னழுத்தம் சட்டென்று விழும். முழு சார்ஜில் 4.2 வோல்ட்டோ சற்றுக் கூடுதலாகவோ இருக்கும் அது, போனுக்குத் தேவையான குறைந்தபட்ச அளவுக்குக் கீழே ஒரு கணம் இறங்கினாலும் போதும். போன் தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடும். அணைந்தபின் சுமை இல்லை, அழுத்தம் மீண்டும் ஏறும். எழுப்பினால் ஒன்றும் தெரியாத பிள்ளைபோல 31 விழுக்காடு காட்டும்.

சரி, ஏன் சமையலறை? வீட்டின் பின்கோடி அது. மூன்று சுவர் தாண்டி, தகரக் கூரைக்குக் கீழே இருக்கிறது. அலைவரிசைக் கோடு ஒன்றுதான் தெரியும், சில நேரம் அதுவும் இல்லை. அலைவரிசை மெலிந்த இடத்தில் கோபுரத்தை எட்டுவதற்காகப் போன் தன் ஒலிபரப்புச் சக்தியை உச்சத்துக்கு ஏற்றும். அதற்கு மின்சாரம் கூடுதலாக வேண்டும். காணொளி அழைப்பும் அதே கதைதான்: திரை, கேமரா, இணையம் எல்லாம் ஒரே நேரத்தில் குழாயைத் திறக்கின்றன.

வீட்டை விற்கும் பேச்சு வந்தால் மட்டும் ஏன் அறுந்தது என்று அம்மாவிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தார்.

“நீ அதை ஆரம்பிச்சா எனக்கு உக்கார முடியாது. அடுப்பைப் பார்க்கப் போயிடுவேன்.”

துப்பறிவது அங்கேயே முடிந்துவிட்டது. ஆனாலும் மற்றவற்றையும் பார்த்து வைத்தேன். எல்லாருக்கும் பேட்டரிதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது அல்லவா?

செயலி ஏதாவது கோளாறு செய்கிறதா என்று பார்க்க ‘சேஃப் மோட்’ இருக்கிறது. பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில், திரையில் வரும் ‘பவர் ஆஃப்’ குறியை விரல் எடுக்காமல் அழுத்திப் பிடித்தால் வரும். நீங்களாகச் சேர்த்த செயலிகள் அதில் இயங்கா. ஒரு நாள் முழுக்க அப்படி வைத்தும் தொல்லை இல்லை என்றால், கடைசியாகப் போட்ட செயலிகளை ஒவ்வொன்றாக நீக்கிப் பாருங்கள். அதுவும் புலனத்தில் யாரோ அனுப்பிய ‘ஏபிகே’ கோப்பு ஏதாவது இருந்தால், ரீஸ்டார்ட் தொல்லையை விடப் பெரிய தொல்லை காத்திருக்கிறது. வங்கிக் கணக்கை முதலில் கவனியுங்கள்.

அம்மாவின் போனில் இடமும் நிரம்பி வழிந்தது. ‘காலை வணக்கம்’ பூக்கள், கோபுரங்கள், பால் பொங்கும் பானைகள். இடம் தீர்ந்துபோனால் போன் திணறும், சில நேரம் தானாக ரீஸ்டார்ட் ஆகும். பாதியை அழித்தேன். அம்மாவுக்கு வருத்தம்.

வெயிலும் ஒரு காரணம். ஐபோனை 35 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட சூட்டில் பயன்படுத்த வேண்டாம் என்கிறது ஆப்பிள். நம் ஊரில் நண்பகலுக்கு அது பெரிய எண்ணே அல்ல. காரின் முன்கண்ணாடியில் போனை ஒட்டி, வழிகாட்டியையும் ஓடவிட்டு, சார்ஜும் போட்டால் என்ன ஆகும்? சூடேறி அணையும், ஆறினால் எழும். அன்றைக்கு அது தற்காலிகம்தான். ஆனால் அந்தச் சூடுதான் பேட்டரியை விரைவில் கிழவனாக்குகிறது. இரண்டரை ஆண்டு ஷா ஆலாமுக்கும் கலையகத்துக்கும் நான் போய்வந்தது அப்படித்தான். குழாயில் துருவை ஏற்றியது யார் என்று இப்போது தெரிகிறதா?

என் தோழி ஒருத்திக்கு விடியற்காலை 3 மணிக்குப் போன் தானாக அணைந்து எழும். பேய் என்றே முடிவு கட்டிவிட்டாள். அவளுடையது சாம்சுங். குறித்த நேரத்தில் தானாக ரீஸ்டார்ட் ஆகும் வசதி அதில் உண்டு, யாரோ அதை இயக்கி வைத்திருக்கிறார்கள். பேயோட்ட ஒரு தட்டு போதுமாக இருந்தது.

கம்பெனிப் பெயர் வருவதும் போவதுமாக, உள்ளே போகாமல் சுற்றிக்கொண்டே இருந்தால் அது வேறு நோய். மென்பொருள் கெட்டிருக்கலாம், உள்ளே ஏதாவது பாகம் விட்டுப்போயிருக்கலாம். 2016-இல் எல்ஜி நிறுவனமே தன் ஜி4 போனில் பாகங்களுக்கிடையே தொடர்பு தளர்ந்திருப்பதால் இப்படி ஆகிறது என்று ஒப்புக்கொண்டது. அதை நாம் வீட்டில் தீர்க்க முடியாது. திரை ஓரத்தில் தூக்கிக்கொண்டு வந்தாலோ, பின்பக்கம் உப்பியிருந்தாலோ வீட்டில் எந்தச் சோதனையும் வேண்டாம். சார்ஜ் போடாதீர்கள், அமுக்கிப் பார்க்காதீர்கள், அணைத்துவிட்டு நேரே கடைக்குக் கொண்டுபோங்கள். உப்பிய பேட்டரி தீப்பிடிக்கும்.

ஐபோன்காரர்கள் ‘அமைப்புகள்’ உள்ளே பேட்டரிப் பக்கத்தில் அதன் நலம் எத்தனை விழுக்காடு என்று பார்த்துக்கொள்ளலாம். இந்த வசதி சும்மா வந்ததல்ல. பழைய பேட்டரி உள்ள ஐபோன்கள் திடீரென்று அணையாமல் இருக்க, அவற்றின் வேகத்தை ஆப்பிள் மென்பொருள் வழியாகக் குறைத்திருந்தது. வாங்கியவர்களுக்குத் தெளிவாகச் சொல்லவில்லை. 2017 டிசம்பரில் விஷயம் வெளியே வந்து, மன்னிப்புக் கேட்டு, அமெரிக்காவில் பேட்டரி மாற்றும் கட்டணத்தை 79 டாலரிலிருந்து 29 டாலராகக் குறைத்தது. மறு ஆண்டு இந்த நலக்கணக்கும் வந்தது. போன் மெதுவாகிவிட்டது என்று புதியது வாங்கப் போனவர்களில் எத்தனை பேருக்கு ஒரு பேட்டரி மட்டுமே தேவைப்பட்டிருக்கும்!

இரண்டாவது கடையைப் பற்றிச் சொல்லவில்லையே. போனைத் திறக்கக் கொடுக்குமுன் உள்ளே இருப்பதையெல்லாம் என் மடிக்கணினிக்கு மாற்றிவிடுவது என்று, முந்தைய இரவு சார்ஜரில் சொருகியபடியே உட்கார்ந்தேன். நீங்களும் கடைக்குப் போகுமுன் இதைச் செய்யுங்கள். கடைசி மருந்து என்று சொல்லப்படும் ‘ஃபேக்டரி ரீசெட்’ செய்தால் போனில் இருப்பதெல்லாம் துடைத்துப் போய்விடும். அதற்கு முன்பும் இது கட்டாயம்.

வணக்கப் பூக்களை அழித்தபின் மிச்சம் இருந்தவை அம்மா எடுத்த படங்கள். ஆயிரத்துக்கும் மேல். பேரப்பிள்ளைகள் கொஞ்சம், கோயில் கொஞ்சம். மற்றதெல்லாம் வீடு. மழை விட்ட வாசல். துளசி மாடம். புதிதாகப் பூசிய படிக்கட்டு. அப்பா நட்ட ரம்புத்தான் மரம், பூவில் ஒன்று, காயில் ஒன்று, பழத்தில் பத்து. ஒரே கோணத்தில், ஒரே இடத்தில் நின்று எடுத்தவை. வெள்ளித்திரைபோல நகர்த்திக்கொண்டே போனால் மரம் வளர்வது தெரிகிறது. மாற்றி முடிக்க இரவு ஒரு மணி ஆகிவிட்டது.

இரண்டாவது கடையில் இருந்தவர் ஒரு மலாய் இளைஞர். நாள்காட்டித் தாளை நீட்டினேன். படித்துவிட்டுச் சிரித்தார். “பேத்தரி சூடா கோங், காக்.” பழைய கார் நடுரோட்டில் நின்றுவிட்டால் நாம் சொல்லும் அதே ‘கோங்’. மாற்றுப் பேட்டரிக்கு எத்தனை மாத உத்தரவாதம் என்று கேட்டு ரசீதில் எழுதி வாங்கினேன். பழையதை வீட்டுக் குப்பையில் போடாமல் அவரிடமே விட்டோம். நாற்பது நிமிடம், 95 வெள்ளி. அம்மா பேரம் பேசி 90 ஆக்கினார்.

ஷா ஆலாம் திரும்பிய வாரம் ஒரு மாலை அழைத்தேன். அரை மணி நேரம் பேசினோம். சமையலறையிலிருந்துதான் பேசினார், தாளிக்கும் சத்தம் கேட்டது. போன் சாகவில்லை. அந்தத் தைரியத்தில், வீட்டை இப்போதைக்கு விற்க வேண்டாம், வாடகைக்கு விட்டுவிட்டு ஒரு ஆறு மாதம் மட்டும் வந்து இருந்து பாருங்கள் என்று மெதுவாக ஆரம்பித்தேன்.

“ரம்புத்தான் சீசன் முடியட்டும்” என்றார். ‘டுக்’.

உடனே திரும்ப அழைத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது.