ஐஸ்லாந்தின் நாற்காலியும் திண்டிவனம் தனித்தொகுதியும்

மரக்காணம் உப்பளப் பக்கம் இருந்துகொண்டு நேட்டோவைப் பற்றி எழுதுவது சில தோழர்களுக்கு வேடிக்கையாக இருக்கலாம். அந்த ராணுவக் கூட்டணியின் மீது எனக்கு மரியாதை எதுவும் கிடையாது. ஆனால் அதன் உறுப்பு நாடுகளுக்கு அங்கே பிரதிநிதித்துவம் எப்படிக் கிடைக்கிறது என்று படித்தபோது, எங்கள் தனித்தொகுதிதான் நினைவுக்கு வந்தது.

நேட்டோவில் இன்று 32 நாடுகள். பிரஸ்ஸல்ஸில் கூடும் அதன் மன்றத்தில் நாட்டுக்கு ஒரு தூதர், ஒரு நாற்காலி. ஆங்கில அகரவரிசைப்படி உட்காருகிறார்கள். 1949இல் தொடக்கத்திலேயே சேர்ந்த ஐஸ்லாந்துக்குச் சொந்தப் படையே இல்லை. ராணுவக் குழுவுக்குக்கூட ஒரு சிவில் அதிகாரியைத்தான் அனுப்புகிறது. இருந்தும் ஹங்கேரிக்கும் இத்தாலிக்கும் நடுவே அதற்கு இடமுண்டு. வாக்கெடுப்பு கிடையாது, எல்லோரும் ஒத்துக்கொண்டால்தான் முடிவு. 2022இல் விண்ணப்பித்த ஸ்வீடன், துருக்கியும் ஹங்கேரியும் இழுத்தடித்ததில் 2024 மார்ச்சில்தான் உள்ளே வர முடிந்தது.

இதைப் பார்த்து, ஆகா சமத்துவம் என்று நான் ஏமாறவில்லை. ஐரோப்பாவுக்கான தலைமைத் தளபதி, 1951இல் ஐசன்ஹோவர் தொடங்கி எப்போதும் அமெரிக்கர்தான். குண்டு விழுந்த ஊர்களுக்கு அங்கே நாற்காலியும் இல்லை. ஆனாலும் ஐஸ்லாந்தின் தூதரை ஐஸ்லாந்து அரசுதான் நியமிக்கிறது, அதுதான் திரும்ப அழைக்கிறது. பெரிய நாடுகள் கூடி அதற்கு ஆள் பிடித்துக் கொடுப்பதில்லை.

நமக்கு அந்த உரிமை 1932இல் சில வாரங்களே இருந்தது. ஆகஸ்டில் வந்த வகுப்புவாரித் தீர்ப்பு, தலித்துகள் மட்டுமே வாக்களிக்கும் தொகுதிகளையும், அதோடு பொதுத்தொகுதியில் இன்னொரு வாக்கையும் தந்தது. காந்தி எரவாடா சிறையில் உண்ணாவிரதம் இருந்தார். செப்டம்பர் 24இல் பூனா ஒப்பந்தம். மாகாண சபைகளில் இடங்கள் 148 ஆயின, சென்னை மாகாணத்துக்கு மட்டும் 30. எண்ணிக்கை கூடியது, தேர்ந்தெடுக்கும் கை மாறியது.

மரக்காணம் அடங்கிய திண்டிவனம், தொகுதி மறுசீரமைப்புக்குப் பிறகு தனித்தொகுதி. நிற்பவர் தலித்தான். ஜெயிக்க ஊர்த்தெருவின் ஓட்டு வேண்டும். 2013 ஏப்ரல் 25 அன்று, மாமல்லபுரம் சித்திரை முழுநிலவு விழாவுக்குப் போன கூட்டம் இவ்வழியே கடந்த நாளில், இங்கே தலித் வீடுகள் எரிக்கப்பட்டன. அப்படியொரு நாளில் சேரிக்காக முழுக்குரலில் பேசினால் அடுத்த தேர்தலில் என்ன ஆகும் என்ற கணக்கு எந்தத் தனித்தொகுதி வேட்பாளரின் மனதிலும் ஓடும். ஆளைத் திட்டிப் பயனில்லை, ஏற்பாடே அப்படி.

பூனா ஒப்பந்தத்தைத் திட்டும் நாம் அதை முழுதாகப் படிப்பதில்லை. முதலில் தலித் வாக்காளர்கள் மட்டும் நான்கு பேரைத் தேர்ந்தெடுப்பார்கள், பிறகு அந்த நால்வரில் ஒருவரைத்தான் எல்லோரும் தேர்ந்தெடுக்க முடியும் என்று அதிலேயே இருந்தது. பத்தாண்டு வரையறையோடு வந்த அந்த முறை அரசமைப்புச் சட்டத்தில் இடம்பெறவில்லை. ஆனால் ஒரு கட்சி தன் தனித்தொகுதி வேட்பாளரை இப்படித் தேர்ந்தெடுக்க நினைத்தால் சட்டத் திருத்தம் எதுவும் தேவையில்லை. கூட்டணித் தலைவர்கள் அடுத்த முறை உப்பளத்துக்கு ஓட்டுக் கேட்டு வரும்போது, பாத்தியில் நிற்கும் நாம் வேட்பாளரின் பெயரோடு, அவரை யார் தேர்ந்தெடுத்தார்கள் என்பதையும் கேட்போம்.