வானில் ஒரு மணி, வாசலுக்கு எத்தனை மணி?

விஞ்ஞானம் உலகைச் சுருக்கிவிட்டது என்று பேச்சுப் போட்டிகளில் நாங்களும் முழங்கியிருக்கிறோம், பரிசும் வாங்கியிருக்கிறோம். திருச்சியிலிருந்து சென்னைக்கு ஆகாய விமானத்தில் ஒரே மணி நேரம் என்பது அப்பேச்சுகளில் தவறாமல் வரும் உதாரணம். இவ்வாண்டு பூகோள வகுப்பில் அந்தக் கணக்கைச் சோதித்துப் பார்த்தோம்.

வரைபடத்தில் அளவுகோலை வைத்தால் திருச்சிக்கும் சென்னைக்கும் இடையே சுமார் 290 கி.மீ. சாலை வழியாகவோ ஏறத்தாழ 330 கி.மீ. புதுக்கோட்டைக்காரர்களாகிய நாம் அதனோடு இன்னும் ஐம்பதுக்குமேல் கூட்டிக்கொள்ள வேண்டும். பேருந்துக்கு ஏழெட்டு மணி நேரம் ஆகிறது. விமானத்துக்கு? திருச்சி விமான நிலையம் புதுக்கோட்டைச் சாலையிலேயே இருப்பது நம் அதிர்ஷ்டம். ஒரு மணி நேரத்தில் போய்விடலாம். புறப்படும் நேரத்துக்கு இரண்டு மணி முன்பே அங்கே இருக்க வேண்டும். பறப்பது ஒரு மணி. மீனம்பாக்கத்தில் இறங்கிப் பெட்டியை எடுத்துக்கொண்டு நகரத்துக்குள் போக இன்னும் ஒன்றரை மணி. ஆக, ஐந்தரை மணி! நாங்கள் மேடையில் மிச்சப்படுத்திய ஆறேழு மணி நேரம் இரண்டாகச் சுருங்கிவிட்டது.

இதைவிடப் பெரிய பாடத்தை எங்கள் வகுப்புத் தோழியின் தந்தை கற்றுத் தந்தார். அவர் சிங்கப்பூரில் கூலி வேலை பார்ப்பவர். இரண்டு ஆண்டுகளுக்குப் பின் விடுப்பில் வந்தார். சுமார் 3,000 கி.மீ. தூரத்தை நான்கு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகப் பறந்து கடந்தார். அறந்தாங்கி வந்து சேர இரவு ஒன்பதரை. அவர் ஊருக்குப் போகும் கடைசிப் பேருந்து அரை மணிக்கு முன்பே போய்விட்டது. வாடகைக் கார் கேட்ட பணத்தைக் கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. பெட்டியைத் தலைக்கு வைத்துப் பேருந்து நிலையத்திலேயே படுத்து, விடியற்காலை ஐந்தரை மணிப் பேருந்தில் ஏறினார். மிஞ்சியிருந்த தூரம் 14 கி.மீ.தான்! வீட்டில் எங்கள் தோழி அன்றிரவு உறங்கவே இல்லையாம்.

விமானங்களும் நால்வழிச் சாலைகளும் வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. நகரத்துக்கும் நகரத்துக்கும் இடையே உள்ள நேரத்தை மட்டும் அளந்துவிட்டு, தூரம் குறைந்துவிட்டது என்று பெருமைப்படுவதைத்தான் ஒப்ப முடியவில்லை. கடைசிப் பேருந்தை இரவு பத்து மணிக்கு விட்டால், அதுவும் முன்னேற்றம்தானே?

நம் மாவட்டத்துக்கு இது புதிதன்று. 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தின்போது இங்கே ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். தண்ணீருக்கும் சந்தைக்கும் வேலைக்கும் அதிலேயே சென்றார்கள். யாரும் அவர்களை வானில் ஏற்றவில்லை. ஆனாலும் அவர்களுக்குத் தூரம் குறைந்தது.

பதினொன்றாம் வகுப்புக்குப் போனால் அரசின் மிதிவண்டி எங்களுக்கும் கிடைக்கும். “அதில் அப்பாவையும் பெட்டியையும் வைத்து 14 கி.மீ. மிதிக்க என்னால் முடியாதடி, பேருந்துதான் வேண்டும்” என்கிறாள் தோழி. அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் கொடுக்க ஒரு மனு எழுதிக்கொண்டிருக்கிறோம்.