முடி வளரவில்லையா... நுனியில் உடைகிறதா?

“என்ன தடவினாலும் இடுப்புக்குக் கீழே இறங்க மாட்டேங்குது!” பல வீடுகளில் கேட்கும் புலம்பல் இது. எண்ணெய் மாறும், ஷாம்பு மாறும், அடுத்து மாத்திரையும் வரும். பின்னல் மட்டும் அதே இடத்தில் நிற்கும்.

இப்படிப் புலம்புகிற பலருக்கும் முடி வளரத்தான் செய்கிறது. டை அடிப்பவர்களைக் கேட்டால் தெரியும்: ஒரே மாதத்தில் வகிட்டின் இரு பக்கமும் வெள்ளைக்கோடு எட்டிப் பார்த்துவிடும். சராசரியாக மாதத்துக்கு 1 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் அதிகமாகவே முடி வளர்கிறது. வேரில் வளர்கிற அளவுக்கு நுனியில் வெடித்து உடைந்து போனால், நீளம் எப்படிக் கூடும்?

பின்னல் மேலே கனமாக இருந்து கீழே போகப்போக எலிவால் போல மெலிகிறதா? நல்ல வெளிச்சத்தில் ஒரு கொத்து முடியை வெள்ளைத் துணியின் மேல் வைத்து லேசாக முறுக்கிப் பாருங்கள். இரண்டாகவோ மூன்றாகவோ பிரிந்த நுனிகள் முறுக்கை விட்டு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். சில முடிகளில் குட்டி வெள்ளைப்புள்ளி தெரியும். ஈறு என்று நினைத்துவிட வேண்டாம். முடி நைந்துபோன இடம் அது. அடுத்து அங்கேதான் உடையும்.

நுனிக்கு வயது 4!

தோள் தாண்டி 60 சென்டிமீட்டர் தொங்கும் முடியின் நுனி, தலையிலிருந்து வெளியே வந்து 4 வருடங்களுக்கு மேல் ஆகியிருக்கும். வாரம் 2 முறை தலைக்குக் குளிப்பவர் என்றால், அந்த நுனி இதுவரை 400 முறைக்கு மேல் நனைந்து, நுரைத்து, துவட்டப்பட்டிருக்கிறது. சீப்பு எத்தனை முறை போய்வந்தது என்பதற்குக் கணக்கே இல்லை.

ஒவ்வொரு முடியின் மேலும் ஓட்டுவீட்டுக் கூரை போல மெல்லிய செதில்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். உரசலிலும் சூட்டிலும் இவை கொஞ்சம் கொஞ்சமாகப் பெயர்ந்துவிடுகின்றன. செதில் போன பிறகு, உள்ளே இருக்கும் நார்கள் பழைய கயிற்றின் முனை போலப் பிரியும். இதுதான் நுனிவெடிப்பு.

கையில் கீறல் பட்டால் ஆறும், அங்கே உயிருள்ள செல்கள் இருப்பதால். தலைக்கு வெளியே இருக்கும் முடியில் உயிர் இல்லை. ஆகவே வெடித்த நுனி தானாகச் சேராது. ‘வெடிப்பைச் சரிசெய்யும்’ என்று விற்கப்படும் சீரம், பிரிந்த நுனியைத் தற்காலிகமாக ஒட்டவைத்து வழவழப்பாகக் காட்டும். சில முறை அலசியதும் பழைய கதைதான்.

கத்தரிக்கோலுக்குப் பயம் வேண்டாம்

வெடித்த நுனிக்கு ஒரே வைத்தியம் வெட்டுவதுதான். நீளமே இல்லை என்று ஏங்குகிறவர்கள் இந்த இடத்தில்தான் தயங்குகிறார்கள். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 3 மாதத்தில் 3 சென்டிமீட்டருக்கு மேல் வளர்கிறது. அதில் 1 சென்டிமீட்டரை வெட்டினாலும் 2 சென்டிமீட்டர் மிச்சம். வெட்டாமல் விட்டால் வெடிப்பு மேலே ஏறி, அந்த மிச்சமும் உடைந்து கொட்டும்.

3, 4 மாதங்களுக்கு ஒருமுறை நுனியை வெட்டினால் பலருக்கும் போதும். வெடிப்பு முடிகிற இடத்துக்கு 1 சென்டிமீட்டர் மேலே, நேராக வெட்ட வேண்டும். அங்கொன்றும் இங்கொன்றுமாக வெடித்திருந்தால் அந்த முடிகளை மட்டும் தேடி வெட்டலாம். பிரிந்த நுனியை விரலால் கிழித்து விளையாடும் பழக்கம் வேண்டவே வேண்டாம்.

சமையலறையில் பால் பாக்கெட் வெட்டும் கத்தரிக்கோல் இதற்கு ஆகாது. மழுங்கிய கத்தி முடியை நசுக்கி, புது வெடிப்புக்கு வழிசெய்யும். முடிக்கென்று கூர்மையான கத்தரிக்கோல் ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். செவ்வாய், வெள்ளியில் வெட்டக் கூடாது என்று பாட்டி சொன்னால், சரி, ஞாயிற்றுக்கிழமை வெட்டிக்கொள்ளலாம். ஆறு மாதம் தள்ளிப்போடுவதுதான் தப்பு.

தலைக்குக் குளிக்கும் நாளில்...

* எண்ணெய் முதலில்: தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் ஆயில் மூன்றையும் ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2003-ல் ‘ஜர்னல் ஆஃப் காஸ்மெடிக் சயின்ஸ்’ இதழில் வெளியானது. தலைக்குக் குளிக்கும் முன் தடவியபோது, முடியின் புரத இழப்பைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டுமே. அதிலுள்ள லாரிக் அமிலம் முடிக்குள் ஊடுருவுவதே காரணம். உச்சியில் ஊற்றித் தேய்ப்பதோடு நிறுத்தாமல், கீழ்ப்பாதி முடிக்கும் நுனிக்கும் தடவ வேண்டும்.

* நுரை தலையில் மட்டும்: அழுக்கும் பிசுக்கும் சேர்வது மண்டையில்தான். ஷாம்புவை அங்கே தேய்த்தால் போதும், வழிந்து வரும் நுரையே நீளத்துக்குச் சரியாக இருக்கும். சீயக்காய் என்றால் நன்றாகச் சலித்த பொடியாக இருக்கட்டும். சாதம் வடித்த கஞ்சியில் கரைத்துத் தேய்க்கும் பழைய வழக்கம் நல்லது. பொடியின் கொரகொரப்பு அவ்வளவாக உரசாது. குளியல் சோப்பு முடிக்கு வேண்டாம். உப்புத்தண்ணீரில் அது திரிந்து முடியில் படிந்துவிடும்.

* கண்டிஷனர் நுனிக்கு: இதை மண்டையில் தேய்க்கத் தேவையில்லை. சேதமான இடத்தில் போய்ப் படிந்து உரசலைக் குறைப்பதுதான் அதன் வேலை. போர்வெல் தண்ணீர் பயன்படுத்தும் வீடுகளில் கடைசி ஒரு சொம்பு மட்டும் நல்ல தண்ணீரில் அலசலாம்.

* துண்டால் அடிக்காதீர்கள்: தலையைச் சாய்த்து, துண்டை முறுக்கிப் பட்பட்டென்று அடித்து ஈரம் போக்குவது நம் வீடுகளில் இன்றும் உண்டு. நனைந்த முடி எளிதாக இழுபடும், எளிதாக அறும். பழைய பருத்தித் துண்டால் ஒற்றி எடுத்தால் போதும். ஈர நுனியில் இறுக்கி முடிச்சுப் போடுவதும் அப்படித்தான். சாம்பிராணி போடலாம், தணலுக்கு நெருக்கமாக முடியைக் காட்ட வேண்டாம்.

* சிக்கு கீழிருந்து மேலே: முக்கால் ஈரம் காய்ந்த பிறகு, அகலப்பல் சீப்பால் நுனியில் தொடங்கி மேலே ஏற வேண்டும். உச்சியிலிருந்து ஒரே இழுப்பாக இழுத்தால் சிக்கெல்லாம் நுனியில் போய் இறுகி, முடியை அறுத்துவிடும்.

சுருட்டை முடிக்கு விதி வேறு

தலையில் சுரக்கும் எண்ணெய், நேரான முடியில் வழுக்கிக்கொண்டு கீழே வரும். சுருளில் அவ்வளவு எளிதாக இறங்காது. அதனால் நுனி வறண்டே இருக்கும். ஒவ்வொரு வளைவும் உடையக்கூடிய இடம். ஆகவே சுருட்டை முடியைக் காய்ந்த நிலையில் சீவவே கூடாது. கண்டிஷனர் போட்ட வழவழப்பிலேயே விரலாலோ அகலப்பல் சீப்பாலோ சிக்கெடுத்து, அலசி, சுருளைக் கலைக்காமல் காயவிட வேண்டும்.

“ஏண்டி இப்படிப் பரட்டையா வர்ற?” என்று வீட்டிலும் பள்ளியிலும் கேட்டுக் கேட்டே நேராக்கும் இயந்திரத்தை வாங்கும் பெண்கள் நிறைய. அந்தத் தகடுகளின் சூடு 200 டிகிரி செல்சியஸைத் தொடும். தண்ணீர் கொதிப்பதே 100 டிகிரியில். ஈரம் காயாத முடியில் அதை வைத்தால் உள்ளிருக்கும் நீர் ஆவியாகிக் குமிழ்விட்டு, முடி உள்ளிருந்தே உடையும். சீவிச் சீவிப் பஞ்சாக்கிய சுருட்டை முடிதான் பெரும்பாலும் பரட்டையாகத் தெரிகிறது. சுருளாகவே விட்டுப் பராமரித்தால் அது படியும். மகளுக்கு இயந்திரம் வாங்கித் தருமுன் சீப்பை மாற்றிப் பார்க்கலாம்.

மாத்திரை நுனிக்குப் போகாது

பயோட்டின் மாத்திரை, விழுங்கியவரின் 4 வயது நுனிக்குப் போய்ச் சேராது. சத்துக் குறைவு இருந்தால் வேரில் புதிதாக முளைக்கும் முடிக்கு உதவலாம். மருத்துவர் சொல்லாமல் அதிக அளவில் எடுப்பதில் வேறொரு சிக்கலும் உண்டு. தைராய்டு, மாரடைப்பைக் கண்டறியும் ட்ரோபோனின் போன்ற ரத்தப் பரிசோதனைகளின் முடிவையே அது மாற்றிக்காட்டலாம் என்று அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. 2017-ல் எச்சரித்தது. ஏற்கெனவே சாப்பிடுபவர்கள் ரத்தம் கொடுக்கும் முன் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

நுனி வெடிப்பதோடு, முடி வேரோடு கொத்துக்கொத்தாக உதிர்ந்தாலோ, வட்டமாகச் சொட்டை விழுந்தாலோ, கூடவே அசதியும் எடை மாற்றமும் இருந்தாலோ, அது சீப்பு விவகாரம் இல்லை. தோல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

மற்றவர்களுக்குச் செலவு அதிகமில்லை. அகலப்பல் சீப்பு ஒன்று, கூர்மையான கத்தரிக்கோல் ஒன்று, வெறும் ரப்பர் பேண்டுக்குப் பதில் துணி சுற்றிய பேண்ட், படுக்கும்போது தளர்வான ஒரு பின்னல். இன்றைக்கு நுனியை வெட்டிவிட்டு, தையல் டேப்பால் நீளத்தை அளந்து காலண்டரில் குறித்து வையுங்கள். 6 மாதம் கழித்து அளந்தால், மாற வேண்டியது எண்ணெயா, சீப்பா என்று தெரிந்துவிடும்.