கூடு மட்டும் போதுமா?

(முன்னாள் மாணவன், இயற்பியல் துறை)

பழம்பொருளைப் புதுப்பிக்கிறேன் என்று சொல்லி அதைப் பாழாக்குவோர் உலகில் பலர். அவர்களுள் நானும் ஒருவனாய் இருந்தேன். ஆண்டு மலருக்குக் கட்டுரை ஒன்று எழுதுமாறு என் பழைய கல்லூரி கேட்டபோது, அந்தத் தவற்றையே எழுதுவது என்று முடிவு செய்தேன்.

இன்றைய மாணவருக்குக் கைப்பேசியே விளையாட்டுத் திடல். 1980களில் நிலைமை வேறு. அமெரிக்காவிலும் ஜப்பானிலும் விளையாட்டுக் கூடங்களில் ஆளுயர மரப்பெட்டிகள் வரிசையாக நிற்கும். காசு போட்டால் ஆட்டம் தொடங்கும். தோற்றால் மறுபடியும் காசு. அவற்றுள் பெரும்புகழ் பெற்றது பேக்-மேன். நாம்கோ நிறுவனத்தைச் சேர்ந்த தோரு இவதானி வடிவமைக்க, 1980ஆம் ஆண்டு ஜப்பானில் வெளிவந்தது. மஞ்சள் நிற வாயுருண்டை ஒன்று, துரத்தும் பேய்கள் நான்கு, தின்ன வேண்டிய புள்ளிகள் 244. இவ்வளவே ஆட்டம்! அமெரிக்காவில் இப்பொறியைச் செய்து விற்ற மிட்வே நிறுவனம், நான் இப்போது வாழும் சிகாகோ வட்டாரத்தைச் சேர்ந்தது. ஆகவே பழைய பெட்டிகள் இங்கு அவ்வப்போது விலைக்கு வரும்.

2014இல் அப்படி ஒன்றை வாங்கினேன். மின்சாரம் கொடுத்தவுடன் திரை ஒளிர்ந்தது; ஆனால் ஆட்டம் வரவில்லை. பொருளற்ற எழுத்துகளும் கட்டங்களும் திரை முழுவதும் சிதறிக் கிடந்தன. என்ன பழுது என்று நான் தேடினேனா? இல்லை. மின்சுற்றுப் பலகையைக் கழற்றினேன். படக்குழாயைக் குப்பைக்கு அனுப்பினேன். அவ்விடத்தில் தட்டைத் திரை ஒன்றையும், உள்ளங்கையில் அடங்கும் ராஸ்பெரி பை கணிப்பொறியையும் பொருத்தினேன். விரல்நகம் அளவுள்ள நினைவட்டையில் ஆயிரக்கணக்கான ஆட்டங்கள்! என் திறமையை நானே மெச்சிக்கொண்டேன்.

மகிழ்ச்சி ஒரு மாதம்கூட நீடிக்கவில்லை. பேக்-மேனுக்கு உரிய பிடி நான்கு திசைகளில் மட்டுமே அசையும். எல்லா ஆட்டங்களுக்கும் பொருந்தட்டும் என்று நான் வைத்ததோ எட்டுத் திசைப் பிடி. வளைவுகளில் கை சற்றே மூலைப்பக்கம் சாய்ந்தாலும் உருண்டை திரும்பாது, பேய் பிடித்துவிடும். 224க்கு 288 என்ற அளவுள்ள படம், வளைந்த கண்ணாடியில் மென்மையாய் ஒளிர வேண்டியது, தட்டைத் திரையில் வெறும் சதுரக் கட்டங்களாய் நின்றது. “இதை என் போனிலேயே ஆடலாமே, அப்பா” என்றாள் மகள். அவள் சொன்னதில் பிழை ஏதுமில்லை. போனில் இருப்பதைத்தான் நான் மரப்பெட்டிக்குள் வைத்திருந்தேன்.

2021இல் இன்னொரு பேக்-மேன் பெட்டி கிடைத்தது. அதே நோய், அதே சிதறிய எழுத்துகள். இம்முறை பொறுமையாகத் தேடினேன். மின்சாரம் வந்து சேரும் இணைப்பான், பலகையின் விளிம்பில் பல்லாண்டுச் சூட்டினால் கருகிப் போயிருந்தது. அதை மாற்றினேன். படம் ஓரங்களில் நெளிந்ததற்குக் காரணம், படக்குழாயை இயக்கும் சுற்றில் உலர்ந்துபோன மின்தேக்கிகள். அவற்றையும் மாற்றினேன். ஆட்டம் வந்தது! அந்த மகிழ்ச்சியினூடே ஓர் எண்ணம் என்னைச் சுட்டது. 2014இல் நான் தூக்கி எறிந்ததற்கும் இதே சிறு மருத்துவம் போதுமாயிருந்திருக்கலாம் அன்றோ? இனி அதை அறிய வழியே இல்லை.

இதற்கு மறுப்பு உண்டு. “அக்காலக் கடைக்காரர்களே பலகையை மாற்றி மாற்றித்தானே பிழைத்தார்கள்?” என்பர். உண்மை. ஜப்பானில் 1985இல் 56 முனைகள் கொண்ட ‘ஜம்மா’ என்னும் பொது இணைப்பு முறை வந்தபின், ஒரே பெட்டியில் புதுப்புது ஆட்டங்களைப் பொருத்துவது எளிதாயிற்று. ஆனால் அவர்கள் மாற்றியது வயிற்றுப்பாட்டுக்காக. அன்று பெட்டிகளும் ஏராளம். இன்று வண்ணப் படக்குழாய் செய்த பெரிய ஆலைகள் மூடப்பட்டுவிட்டன. உடைத்தால் ஈடு செய்ய ஆளில்லை.

“ஆட்டம்தான் மென்பொருளில் பத்திரமாக இருக்கிறதே!” என்பது இரண்டாவது மறுப்பு. இத்தாலியரான நிக்கோலா சால்மோரியா 1997இல் தொடங்கிய ‘மேம்’ என்னும் மென்பொருள், பழைய பொறிகளைப் போலவே நடந்துகொள்ளும். அது போற்றத்தக்க முயற்சி. ஆயின் அது எப்படிப் பிறந்தது? யாரோ சிலர் பழைய பலகைகளை எறியாமல் காத்து வைத்திருந்ததால், சில்லுகளில் உள்ளதைப் படித்தெடுக்க முடிந்தது. மூலத்தை எறிந்துவிட்டு நகலைக் கொண்டாடுவது ஓலைச்சுவடியை எரித்துவிட்டு அச்சுநூலைப் பாராட்டுவதற்கு ஒப்பாகும். நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகமே 2012இல் பேக்-மேனைத் தன் சேகரிப்பில் சேர்த்தது. நாம் மட்டும் அதைக் குப்பையில் சேர்க்கலாமா?

நான் புதுமைக்குப் பகைவன் அல்லன். உள்ளே எதுவும் இல்லாமல் கரையான் தின்ற வெற்றுப்பெட்டி கிடைத்தால், தாராளமாகப் புதிய கணிப்பொறியைப் பொருத்துங்கள். அது அதற்கு மறுவாழ்வே. ஆனால் பலகையும் குழாயும் இருக்கும் பெட்டியில் முதலில் பழுதைத் தேடுங்கள். முடியாவிட்டால், கழற்றியதை எல்லாம் பெயர் எழுதிப் பெட்டியில் போட்டு வையுங்கள். பழைய மரத்தில் புதிய துளை இடாதீர்கள். பின்னால் வருபவர் பழையபடி ஆக்க முடியாத எதையும் செய்யாதீர்கள். ஓர் எச்சரிக்கை: இயங்கும்போது படக்குழாயில் ஏறத்தாழ 20,000 வோல்ட் அழுத்தம் இருக்கும், நிறுத்திய பின்னும் மின்னூட்டம் தங்கியிருக்கும். பழகியவர் துணையின்றி அதன் பக்கம் போக வேண்டாம்.

மாணவ நண்பர்களே! நம் ஆய்வுக்கூடத்துச் சி.ஆர்.ஓ. கருவியில் பச்சைப் புள்ளி ஓடுவதைக் கண்டு ஒருநாள் வியந்து நின்றேன். அதே கதிர்க்குழாயைத்தான் பின்னாளில் குப்பையில் எறிந்தேன். படித்தது என்னைத் தடுக்கவில்லையே என்ற வருத்தம் இன்றும் உண்டு. ஓடாத பொருள் ஒன்று உங்கள் கைக்கு வரும்போது, “இதில் என்ன போயிற்று?” என்று முதலில் கேளுங்கள். அந்தக் கேள்வியைக் கேட்காமல் செய்யும் புதுப்பித்தல் வெறும் கூட்டை அலங்கரிப்பதேயன்றி வேறில்லை.