அரியதரம் தின்ற பாவம்

யாழ்ப்பாணத்துக் கல்யாண வீடுகளிலே மணநாளுக்கு முன்னதாகப் பலகாரச் சூட்டுக்கென்று ஒரு நாளை ஒதுக்கிவிடுவது வழக்கம். அன்று காலையிலேயே அடுப்பில் தாச்சி ஏறிவிடும். சுற்றத்துப் பெண்கள் யாவரும் கூடிவிடுவர். ஒருவர் மாவைப் பிசைவார்; ஒருவர் அரியதரத்தைத் தட்டிக் கொடுப்பார்; மூத்தவர் ஒருவர் எண்ணெயின் பதம் பார்த்து அதனை இடுவார். சுட்ட பலகாரம் சுளகிலே ஆறிக்கொண்டிருக்கும்போது எழும் வாசனையை அறிந்தவர்களுக்கு அதனை நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. அறியாதவர்களுக்கு எடுத்துரைத்தும் பயனில்லை.

அப்படிப்பட்ட ஒரு நாளிலே நேர்ந்த சம்பவம் ஒன்றை, சம்பந்தப்பட்டவரின் சம்மதத்துடன் இவ்வாரம் நேயர்கள் முன் வைக்கின்றோம்.

அவர் வெள்ளவத்தையில் வசிக்கும் நம் உறவுமுறைப் பெண்மணி. ஐம்பது வயதை அண்மித்தவர். சில ஆண்டுகளுக்கு முன்னர், நீரிழிவு தொடங்கிவிட்டது என்று வைத்தியர் கூறியபோது அவரது நிறை 78 கிலோவாக இருந்தது. சோற்றைக் குறைத்தார், மரக்கறியைக் கூட்டினார், மாலைதோறும் கடற்கரைப் பக்கமாக நடந்தார். பதினான்கு மாதங்களில் 66 கிலோவுக்கு இறங்கினார். அதன்பின் ஓராண்டு காலம் அந்த நிறையைக் காத்தும் வந்தார். நிறையைக் குறைப்பதிலும் பார்க்கக் குறைத்ததைக் காப்பது அரிது என்பதை அநுபவித்தவர்கள் அறிவார்கள்.

தமையனாரின் மகளுக்கு நல்லூரிலே கல்யாணம். பலகாரச் சூட்டன்று அண்ணியார் ஒரு தட்டத்தை நீட்டினார். “சூட்டோட ஒண்டு எடுங்கோ மச்சாள். எங்கட பிள்ளையின்ர கலியாணமெல்லோ!” மறுக்க மனம் வரவில்லை. ஒன்று எடுத்தார், பின்னர் இன்னொன்று. இவ்வளவோடு நின்றிருந்தால் இக்கட்டுரைக்கே இடமில்லை. அன்றிரவு எல்லோரும் உறங்கியபின் அவருக்கு உறக்கம் வரவில்லை. “இரண்டு வருட உழைப்பையும் பாழாக்கிவிட்டேன்” என்ற எண்ணம் மனத்தை அரித்தது. எழுந்து போனார். பலகாரப் பெட்டியைத் திறந்தார். இருட்டிலே நின்றபடி எத்தனை தின்றார் என்பது அவருக்கே தெரியாது.

மறுநாள் அதற்குப் பிராயச்சித்தம். காலையிலிருந்து சீனியில்லாத தேநீரைத் தவிர வேறொன்றும் வாயில் வைக்கவில்லை. ஆனால் நீரிழிவு மாத்திரையை மாத்திரம் தவறாமல் விழுங்கினார். மாலையிலே கை நடுங்கி, உடல் முழுதும் வியர்த்து, வந்திருந்தோர் நடுவிலே சரிந்துவிட்டார். நல்ல வேளையாக அங்கிருந்த தாதி ஒருவர் நிலைமையை உணர்ந்து, அவருக்கு நினைவு தப்புமுன்னர் சீனி கரைத்த தண்ணீரைப் பருக்கினார். கொழும்புக்குத் திரும்பியபின் “எல்லாம் போய்விட்டது, இனி எதற்கு?” என்று நடையையும் நிறுத்திவிட்டார். நான்கு மாதங்களிலே ஐந்து கிலோ ஏறிவிட்டது.

இங்கே தீங்கு செய்தது எது? அரியதரமா? கணக்குப் பார்ப்போம். உடம்பில் ஒரு கிலோ கொழுப்புச் சேர்வதற்கு நாம் செலவழிப்பதற்கு மேலாக ஏறத்தாழ 7,700 கலோரி உட்செல்ல வேண்டும். ஓர் அரியதரத்துக்கு 250 கலோரி என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும், வழமையான உணவுக்கு மேலாக முப்பது அரியதரம் உண்டால்தான் அந்த ஒரு கிலோ சேரும். மச்சாள் நீட்டிய தட்டத்திலிருந்து எடுத்தவை இரண்டு. பெட்டியைத் திறக்கச் செய்ததும், மறுநாள் பட்டினி கிடக்கச் செய்ததும், நடையை நிறுத்தச் செய்ததும் அந்த இரண்டு அரியதரமும் அல்ல. அவற்றைத் தின்றது பாவம் என்று எண்ணிய மனமே.

இது நமது கற்பனையன்று. ஐக்கிய அமெரிக்காவிலே 1975ஆம் ஆண்டில் பீற்றர் ஹேர்மன், டெபோரா மக் என்னும் இரு உளவியலாளர் ஒரு பரிசோதனையை வெளியிட்டனர். மாணவிகள் சிலரை ருசி பார்ப்பதற்கென்று அழைத்தார்கள். சிலருக்கு முதலிலே மில்க் ஷேக் என்னும் இனிப்பான பாற்பானத்தைக் கொடுத்தார்கள், சிலருக்குக் கொடுக்கவில்லை. பின்னர் யாவருக்கும் முன்னால் ஐஸ்கிரீமை வைத்து, வேண்டிய மட்டும் உண்டு ருசியைக் கூறும்படி கேட்டார்கள். உணவைப் பற்றிக் கவலைப்படாத மாணவிகள், பாற்பானம் குடித்திருந்தால் ஐஸ்கிரீமைக் குறைவாக உண்டனர். அது இயல்பு, வயிறு நிறைந்துவிட்டதல்லவா? எந்நேரமும் உணவை அடக்கிக் கட்டுப்பாட்டோடு இருந்துவந்த மாணவிகளோ, பாற்பானம் குடித்தபின்னர் குடியாதவர்களைக் காட்டிலும் அதிகமாக உண்டனர்! கட்டுப்பாடு ஒருமுறை குலைந்துவிட்டது, இன்றைய நாள் கெட்டதுதான், இனி எவ்வளவு தின்றால் என்ன என்ற மனப்போக்கே இதற்குக் காரணம் என்று ஹேர்மனும் அவருடன் சேர்ந்து உழைத்த ஜனற் பொலிவியும் பிற்காலத்தில் விளக்கினார்கள். உண்டது உண்மையிலேயே கலோரி மிகுந்ததா என்பது கூட முக்கியமில்லை. அப்படி நம்பினாலே போதும் என்பதையும் பொலிவி 1976இல் காட்டினார்.

நம் உறவினர் இருட்டிலே பெட்டியைத் திறந்தது எதனால் என்பது இப்பொழுது விளங்குகிறதல்லவா? அவர் பேராசைக்காரர் அல்லர். தம்மைத் தாமே கடுமையாகக் கட்டிவைத்திருந்தவர்.

குற்றவுணர்ச்சி இருந்தால்தானே மனிதன் திருந்துவான் என்று பெரியவர்கள் சிலர் கேட்கலாம். வேறு காரியங்களில் அது மெய்யாக இருக்கலாம். உணவுக் காரியத்தில் அப்படித் தெரியவில்லை. நியூசீலாந்திலே நடந்து 2014இல் வெளிவந்த ஆராய்ச்சி ஒன்றில், சொக்கலேற் கேக் என்றதும் குற்றம் நினைவுக்கு வருகிறதா, கொண்டாட்டம் நினைவுக்கு வருகிறதா என்று பலரையும் கேட்டனர். குற்றம் என்றவர்களுக்கு நல்ல உணவு உண்ணவேண்டும் என்ற உறுதி மற்றவர்களைவிட அதிகமாக இருக்கவில்லை. தம்மைத் தாம் கட்டுப்படுத்த முடியும் என்ற நம்பிக்கையோ குறைவாக இருந்தது. நிறையைக் காக்க விரும்பியோரை எடுத்துக்கொண்டால், பதினெட்டு மாதங்களில் அதிலே குறைந்த வெற்றி கண்டவர்கள் குற்றம் என்றவர்களே. முன்னமே தோற்றுப்போனவர்களுக்குத்தான் குற்றவுணர்ச்சி அதிகமோ என்று ஐயுறவும் இடமுண்டு. எப்படியாயினும், அவ்வுணர்ச்சி அவர்களுக்கு உதவி செய்யவில்லை என்பது மட்டும் தெளிவு.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். மெலிந்தவருக்கு ஏற்படும் பசி வெறும் நாக்கின் சபலமன்று. பத்து வாரம் கடும் பத்தியமிருந்து நிறை குறைந்தவர்களை மெல்பேண் நகரத்து ஆராய்ச்சியாளர் ஆராய்ந்து 2011இல் வெளியிட்டனர். ஓராண்டு கழிந்த பின்னரும் பசியைத் தூண்டும் ஓமோன்கள் அவர்களின் இரத்தத்தில் முன்னிலும் கூடுதலாகவே இருந்தன. இழந்ததை மீட்டுக்கொள்ள உடம்பு அவ்வளவு காலம் முயல்கின்றது. இதை அறியாமல், “எனக்கு மனவுறுதி இல்லை” என்று தம்மையே ஏசிக்கொள்வோர் எத்தனை பேர்!

பட்டினி கிடந்து பிராயச்சித்தம் தேடுவதை, நம்மவர் சிலர் விரதம் என்றே கருதிவிடுகின்றனர். கந்தசஷ்டி விரதத்தை எடுத்துக்கொள்வோம். அது தொடங்கும் நாளும் முடியும் நாளும் முன்னரே தெரியும். ஆறு நாள் கழிந்ததும் பாரணை உண்டு. பாரணையில் உண்பதை யாரும் குற்றம் என்பதில்லை. நோற்பவரும் மனமுவந்து நோற்கின்றார். நேற்றுத் தின்றதற்காக இன்று உடம்பைத் தண்டிக்கும் பட்டினிக்கோ முடிவுநாளும் கிடையாது, பாரணையும் கிடையாது. அடங்காப் பசியிலேயே அது முடியும். நீரிழிவுக்கு இன்சுலினோ சில வகை மாத்திரைகளோ எடுப்பவர்களுக்கு அது உயிராபத்தாகவும் முடியலாம். அத்தகையோர் எந்த விரதமாயினும் வைத்தியரைக் கேட்டபின்னரே இருத்தல் வேண்டும்.

இவ்வளவையும் படித்துவிட்டு, “அப்படியானால் நாளும் ஓர் அரியதரம் உண்ணலாம்” என்று யாரும் புறப்பட்டுவிடக் கூடாது. 30 இறாத்தலுக்குக் குறையாமல் நிறையிழந்து, ஓராண்டுக்கு மேலாக அதைக் காத்தவர்களின் பதிவேடு ஒன்று ஐக்கிய அமெரிக்காவிலே 1994இல் தொடங்கப்பட்டது. அதில் இடம்பெற்றோரைப் பற்றி 2004இல் வெளிவந்த ஆய்வின்படி, வாரநாட்களிலும் வார இறுதியிலும் ஒரே சீராக உண்டவர்களே அடுத்த ஆண்டிலும் நிறையைக் காப்பதில் முன்நின்றார்கள். ஐந்து நாள் கட்டி இரண்டு நாள் அவிழ்த்துவிடுவது உதவவில்லை. ஆகவே எது கொண்டாட்டம், எது வெறும் பழக்கம் என்று பிரித்தறிய வேண்டும். தமையன் மகளின் கல்யாணத்து அரியதரம் கொண்டாட்டம். பின்னேரத் தேநீரோடு பத்திரிகை வாசித்தபடி, ருசிகூடத் தெரியாமல் உள்ளே தள்ளும் நான்கு பிஸ்கற்றுகள் கொண்டாட்டமல்ல. நிறை ஏறுவது பெரும்பாலும் இந்தப் பிஸ்கற்றினால். பழியைச் சுமப்பது அரியதரம்!

விருந்துக்கு மறுநாட் காலையிலே தராசில் ஏறிப் பார்ப்பதும் வேண்டாத வேலை. அது ஒரு கிலோவோ அதற்கு மேலோ கூட்டிக் காட்டும். பார்த்தவர் நெஞ்சு திடுக்கிடும். அதிலே பெரும்பகுதி தண்ணீர். மாப்பண்டமும் இனிப்பும் உண்டால், ஈரலிலும் தசையிலும் கிளைக்கோசன் என்னும் பொருளாக அவற்றின் ஒரு பங்கு சேமிக்கப்படுகிறது; ஒரு கிராம் கிளைக்கோசனோடு ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீரும் தங்கும். முறுக்கிலும் வடையிலும் உள்ள உப்பு தன் பங்குக்குத் தண்ணீரைப் பிடித்து வைக்கும். வழமையான உணவுக்குத் திரும்பினால் சில நாளிலே அது இறங்கிவிடும். வாரத்துக்கு ஒரு குறித்த நாளில் நிறை பார்ப்பது நல்ல வழக்கம். ஆனால் அந்த நாள் தீபாவளிக்கு மறுநாளாக இருக்க வேண்டியதில்லை.

இனிப்பு உண்டபின் செய்ய வேண்டியது மிகச் சிறிய காரியம். அடுத்த வேளை உணவை, வழமையான நேரத்தில், வழமையான அளவில் உண்பது. மாலையானால் வழமைபோல் நடப்பது. மறைவில் உண்ணாமல், நாலுபேர் நடுவிலே இருந்து ருசித்து உண்பது. தம்மிடமே சிறிது இரக்கம் காட்டுவதும் வேண்டும். 2007இல் வெளியான ஓர் அமெரிக்கப் பரிசோதனையில், பத்தியமிருக்கும் மாணவிகளுக்கு எண்ணெயிற் பொரித்த இனிப்பு ஒன்றை உண்ணக் கொடுத்தபின், “எல்லோரும் சில வேளை இப்படி உண்பதுதான், உங்களை நீங்களே நொந்துகொள்ளாதீர்கள்” என்று ஒருவர் சொன்னார். அவ்வார்த்தையைக் கேட்டவர்கள், கேளாதவர்களைக் காட்டிலும் பின்னர் வைத்த மிட்டாயைக் குறைவாகவே உண்டனர். ஆனால் மறைவில் அளவின்றி உண்பதும், உண்டதை வலிந்து வாந்தியெடுப்பதும் ஒருவருக்குத் திரும்பத் திரும்ப நிகழுமாயின், அது ஒரு நோய். ஆறுதல் வார்த்தையோடு விடாமல் வைத்தியரிடம் அழைத்துச் செல்ல வேண்டும்.

விருந்தளிப்போருக்கும் ஒரு வார்த்தை. ஒருமுறை உபசரிப்பது பண்பு. மூன்றுமுறை வற்புறுத்துவது உபத்திரவம். தட்டத்தை நீட்டிய அதே வாயால், “என்ன, திரும்பவும் கொழுத்துப்போனீர்?” என்று சபை நடுவே கேட்பதோ, மன்னிக்க முடியாதது. இந்தக் கேள்வி நம் சமூகத்திலே சுகம் விசாரிப்பதாக எண்ணப்படுகிறது. பெரியவர்கள் சிரித்து மழுப்பிவிடுவர். கேட்டுக்கொண்டு நிற்கும் பிள்ளைகள் மறப்பதில்லை.

நம் உறவினரை விழிப்படையச் செய்ததும் அவருடைய பிள்ளையே. பதினாறு வயது மகள் பாடசாலையிலிருந்து சாப்பாட்டுப் பெட்டியைத் திறவாமலே கொண்டுவருவதை ஒருநாள் கண்டார். காரணம் கேட்டபோது, “நேற்றுச் சினேகிதியின்ர பிறந்தநாளுக்குக் கேக் சாப்பிட்டனான் அம்மா, அதுதான்” என்றாள் பிள்ளை. மெலிந்த உடம்பு அவளுக்கு. தாய் நல்லூரிலே கிடந்த பட்டினியையும் அழுத அழுகையையும் பக்கத்திலிருந்து பார்த்தவள் அவள். தாயார் அன்று மாலையே மகளையும் அழைத்துக்கொண்டு மீண்டும் கடற்கரைக்கு நடக்கத் தொடங்கினார்.

சென்ற தைப்பொங்கலன்று நாம் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தோம். பொங்கிப் படைத்தபின் ஒரு சிறு கிண்ணத்திலே சர்க்கரைப் பொங்கலை எடுத்து, முற்றத்தில் எம்முடன் அமர்ந்து ஆறுதலாக உண்டார். கயூவை ஒன்றொன்றாகப் பொறுக்கி ருசித்ததையும் கண்டோம். நிறை இப்பொழுது எவ்வளவு என்று நாம் கேட்கவில்லை; அவரும் சொல்லவில்லை. மத்தியானம் ஒரு மணிக்கு மகள் வந்து, “அம்மா, சோறு போடட்டோ?” என்றாள்.

“போடு பிள்ளை. உனக்கும் போட்டுக்கொண்டு வா” என்றார் அவர்.